ராம்பில் 629 எடுத்த வண்டி பள்ளத்தில் ஏன் நின்றது

கேள்வி எளிமையானது. சஸ்பென்ஷன் சாய்தளத்தில், அதாவது நாம் ராம்ப் என்று சொல்வதில், 513 என்ற எண் எடுத்த ஒரு வண்டி ஒரு குறுக்குப் பள்ளத்தை ஏறிக் கடந்துவிட்டது. அதே வண்டி வண்டியை உயர்த்தும் லிஃப்ட் ஸ்பிரிங்கும் நீள ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) போட்டு 629 எடுத்த பிறகு, அதே பள்ளத்தில் பின் இடது சக்கரம் சும்மா சுற்ற, பாதியில் நின்றுவிட்டது. ஆர்ட்டிகுலேஷன், அதாவது ஒரு சக்கரம் மேலேயும் இன்னொன்று கீழேயும் போகக்கூடிய அளவு, கூடியிருக்கிறது, அதைக் கையில் டேப் வைத்து நானே அளந்தேன். அப்படியிருந்தும் ஏறவில்லை. வண்டி என் நண்பருடையது, அளவெடுத்தது நான். 629 என்று நோட்டில் எழுதிவிட்டு "இப்போ சரியா இருக்கு" என்று அவரிடம் சொன்னதும் நான்தான் என்பதால், காரணம் தெரியும் வரை எனக்கு நிம்மதி இல்லை.

வண்டியைப் பற்றி முதலில். முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு), நாலு மூலையிலும் காயில் ஸ்பிரிங், முன்பக்கம் மட்டும் ஆன்டி-ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பி). வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2400 மி.மீ, டிராக் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 1450 மி.மீ. தராசில் 1640 கிலோ: முன் சக்கரங்களில் தலா 440, பின் சக்கரங்களில் தலா 380. பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ், லோ ரேஞ்ச் உண்டு, டிஃபரன்ஷியல் லாக்கர் (இடது வலது சக்கரங்களை ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) எந்த ஆக்சிலிலும் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே அதில்தான் வந்து நிற்கிறது.

ராம்ப் அளவை எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் எண்ணை மட்டும் சொல்வார்கள், எடுத்த விதத்தைச் சொல்லமாட்டார்கள். 20 டிகிரி சாய்வுள்ள தளத்தில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மற்ற மூன்று சக்கரங்களும் சமதளத்தில் இருக்கும். அந்த மூன்றில் ஏதாவது ஒன்று தரையை விடப் போகும் தருணத்தில் நிறுத்தி, சக்கரம் ராம்பில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று சாய்வு வழியே அளந்து, அதை வீல்பேஸால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் ராம்ப் ட்ராவல் இண்டெக்ஸ். 1000 என்றால் ஏறிய தூரம் வீல்பேஸ் அளவுக்கு வந்துவிட்டது, பின் சக்கரமே ராம்பின் அடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகள் அதில் பாதியைச் சுற்றித்தான் நிற்கும்.

ராம்பின் கோணம் பிசகினால் எல்லாம் பிசகும். எங்களுடையது இரும்பில் வெல்டிங் செய்தது, சாய்வு நீளம் 2400 மி.மீ, மேல் முனையின் உயரம் 821 மி.மீ, அந்த இரண்டையும் டேப்பால் அளந்தால் 20 டிகிரி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும், கோணமானியே வேண்டாம். அதே வண்டி, அதே உயரத்துக்குத்தான் சக்கரத்தைத் தூக்கும். சாய்வு குறைந்தால் அந்த உயரத்தை அடைய இன்னும் நீளமாக ஏற வேண்டும், எண் கூடிவிடும். எங்கள் வண்டியின் 513 என்பது சக்கரம் 421 மி.மீ உயர்ந்த நிலை. 19 டிகிரி ராம்பில் இதே வண்டி 539 காட்டும், 23 டிகிரியில் 449, 30 டிகிரியில் 351. இவை எல்லாமே புழக்கத்தில் இருக்கும் கோணங்கள்தான் (19 தவிர, அது தப்பாகக் கட்டியதால் வருவது). அதனால் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நான் முதலில் கோணத்தைக் கேட்பேன். வீல்பேஸ் விஷயமும் அப்படித்தான். அதே 421 மி.மீ உயரத்தைத் தாங்கும் வண்டிக்கு வீல்பேஸ் 2900 ஆக இருந்தால் எண் 424 ஆகிவிடும், சஸ்பென்ஷன் கொஞ்சம்கூட மோசமாகவில்லை என்றாலும். எனக்கு இதனாலேயே எண்ணைவிட உயரத்தை எழுதி வைப்பது பிடிக்கும். ஏறிய தூரத்தை 0.342 ஆல் பெருக்கினால் உயரம் வந்துவிடும், அவ்வளவுதான்.

எந்த இடம் வரை அளப்பது என்பதில் நாங்கள் ஆரம்பத்தில் தடுமாறினோம். டயரின் முன்விளிம்பு வரை அளந்தால் பெரிய டயருக்குச் சும்மாவே எண் கூடும். டயர் ராம்பைத் தொடும் பகுதியின் முன்னாலும் பின்னாலும் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவைப் பிடித்தோம். தரையை விடும் தருணத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதும் ஆளுக்கு ஆள் மாறும். அதற்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பட்டையைச் சக்கரத்தின் அடியில் முதலிலேயே வைத்துவிட்டு, அதில் கயிறு கட்டி, இழுத்தால் வழுக்கி வரும் நிலையை எல்லையாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை ஏற்றி, நடு எண்ணை எடுத்தோம். ஷாக்கிலும் புஷ்ஷிலும் (இணைப்புகளில் உள்ள ரப்பர்) உராய்வு இருப்பதால் முதல் முறை கொஞ்சம் குறைவாகவே வரும். டயர் காற்று எப்போதும் 18 பிஎஸ்ஐ, டேங்க் பாதி, ஓட்டுபவர் ஒரே ஆள். கயிறு இழுப்பவர் வண்டி சாயும் பக்கத்தில் ஒருபோதும் நிற்கக்கூடாது, ராம்பில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக்கூடாது. இதில் சமரசமே கிடையாது. வண்டி பார்க்க அசையாமல் நிற்கும், ஆனால் மூன்று சக்கரத்தில் நிற்கும் வண்டி அது.

இனி நடந்தது. கம்பெனி நிலையில், ஆன்டி-ரோல் பார் மாட்டியபடி, ஏறிய தூரம் 1080 மி.மீ, எண் 450. பாரைக் கழற்றியதும் 1230, எண் 513. ஒரு நட்டு கழற்றும் வேலைக்கு 63 புள்ளி, இதைவிட மலிவான முன்னேற்றம் கிடையாது. இந்த நிலையில்தான் வண்டி அந்தக் குறுக்குப் பள்ளத்தைக் கடந்தது. ஏற்றத்தில் இடமும் வலமும் மாறிமாறி இரண்டு குழிகள், இடது முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் குழிக்குள் தொங்கும். மூன்று முறை போனோம், மூன்று முறையும் கொஞ்சம் மண்ணைப் பறித்துக்கொண்டு ஏறிவிட்டது.

அப்புறம் நண்பர் 50 மி.மீ லிஃப்ட் ஸ்பிரிங் போட்டார். ஷாக் பழையதுதான். ராம்பில் ஏற்றினால் 1040, எண் 433. பார் கழற்றியிருக்கும்போதே, கம்பெனி நிலையைவிடக் கீழே. அவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அது புரிந்துகொள்ளக் கஷ்டமான விஷயமாகத் தெரியவில்லை, ஏனென்றால் பழைய பின் ஷாக்கின் முழு நீளம் கண்ணிலிருந்து கண்ணுக்கு, அதாவது மாட்டும் துளையிலிருந்து துளைக்கு, 540 மி.மீ, வண்டி சும்மா நிற்கும்போது முன்பு 450, ஆக, சக்கரம் கீழே தொங்குவதற்கு 90 மி.மீ மிச்சம் இருந்தது. உடம்பை 50 மி.மீ தூக்கினால் ஷாக் நிற்கும்போதே 500-க்கு நீண்டுவிடும், மிச்சம் 40 தான். லிஃப்ட் என்பது சக்கரத்தின் நடமாட்டத்தைக் கூட்டுவதில்லை, இருக்கும் நடமாட்டத்தில் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுத்து மேல்பக்கத்தில் சேர்க்கிறது. தொங்க இடமில்லாத சக்கரத்தை ஷாக் மேலே பிடித்து இழுக்கிறது, அது தரையை விட்டுவிடுகிறது.

சரி, நீள ஷாக். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீள ஷாக்கை வாங்கி அப்படியே மாட்டினால் வண்டியைக் கெடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. புதிய ஷாக்கின் திறந்த நீளம் 610, பழையதைவிட 70 அதிகம். ஆனால் மூடிய நீளமும் அதிகம், 382. மாட்டுவதற்கு முன் சேசிஸை ஸ்டாண்டில் வலுவாக நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வருவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர்) தொடும்வரை தூக்கி, ஷாக் மாட்டும் இரண்டு கண்ணுக்கும் இடையே அளந்தோம். 370 வந்தது. அதாவது பம்ப் ஸ்டாப் அடிப்பதற்கு 12 மி.மீ முன்பே ஷாக் உள்ளே இடித்துக்கொள்ளும், ஒரு பெரிய குழியில் அதன் பிஸ்டனோ மேல் மவுண்ட்டோ போய்விடும். பம்ப் ஸ்டாப்புக்கு 30 மி.மீ துண்டு சேர்த்து 400 ஆக்கினோம், 18 மி.மீ காப்பு கிடைத்தது. அடுத்து ஆக்சிலைக் கீழே முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தால், பின் பிரேக் ஹோஸ் கம்பி மாதிரி இழுபட்டு நின்றது. ஷாக்கைவிட முதலில் எல்லையை அடைந்தது பிரேக் ஹோஸ். அதைப் பார்க்காமல் பள்ளத்தில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. நீள ஹோஸ் மாற்றினோம். டிஃபரன்ஷியல் பிரீதர் குழாய், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், அதன் ஸ்லிப் பகுதி வெளியே கழன்று வருமா, எல்லாவற்றையும் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே வைத்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொங்கும்போது மட்டும் பார்ப்பது போதாது, ஆக்சில் சாய்ந்தால் டயர் உள் ஃபெண்டரில் உரசும் இடம் வேறு.

எல்லாம் முடித்து ராம்பில் ஏற்றினால் 1510. எண் 629, சக்கரத்தின் உயரம் 516 மி.மீ. கம்பெனி நிலையோடு ஒப்பிட்டால் சக்கரம் சுமார் 15 செ.மீ கூடுதலாக உயர்கிறது. இதைத்தான் நான் "சரியா இருக்கு" என்று சொன்னேன்.

அடுத்த வாரம் பள்ளம். முதல் முறை நின்றது. இரண்டாவது முறை வண்டி போகும் கோட்டைக் கொஞ்சம் மாற்றியும் நின்றது. மூன்றாவது முறை நான் வெளியே நின்று பார்த்தேன்: நாலு சக்கரமும் தரையில்தான் இருந்தன. தொங்கும் இடது பின் சக்கரம் மண்ணைத் தொட்டுக்கொண்டு, மண்ணை வழித்துக்கொண்டு, அங்கேயே சுற்றியது. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, தரையை அழுத்திக்கொண்டிருப்பது வேறு என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. ராம்ப் நமக்குச் சொல்வது முதலாவதை மட்டும். எந்த இடத்தில் தொடுகை அறும் என்று சொல்கிறது, அது அறும்வரை எத்தனை கிலோ மிச்சம் இருந்தது என்று சொல்வதில்லை.

லாக்கர் இல்லாத டிஃபரன்ஷியல் இடது வலது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். லேசான சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் கனமான சக்கரத்துக்கும் கிடைக்கும். எனவே ஓர் ஆக்சில் தள்ளக்கூடிய அளவு, அதன் மேல் இருக்கும் மொத்த எடையைப் பொறுத்ததல்ல; லேசான சக்கரத்தின் எடையின் இரண்டு மடங்கைப் பொறுத்தது. லாக்கர் போட்ட வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே லேசான சக்கரம் அவ்வளவு முக்கியமில்லை. ராம்ப் எண்ணும் பள்ளமும் ஒத்துப்போகிறது என்று சொல்பவர்களில் பலருடைய வண்டியில் லாக்கர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் எடை பார்க்க முடிவு செய்தோம். கார்களின் மூலை எடை பார்க்கும் நாலு தட்டுத் தராசுகளை இரவல் வாங்கினோம். இதற்கு ராம்ப் வேண்டாம். ராம்பில் சக்கரம் பின்னோக்கித் தள்ளும், பிரேக் பிடித்தால் தராசில் பக்கவாட்டு விசை விழும், எண் நம்பும்படி இருக்காது. 300 மி.மீ உயரத்துக்கு மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் ஒரு தராசு, மற்ற மூன்றும் தரையில். இடது முன் சக்கரத்தை ஜாக்கால் தூக்கிக் கட்டையின் மேல் உட்கார வைத்து, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைத்த பிறகு கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்து, பம்பரைப் பிடித்து நாலைந்து தடவை அழுத்தி ஆட்டி, அடங்கியதும் படித்தோம். நாலையும் கூட்டினால் 1640 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு தராசு சாய்ந்திருக்கிறது, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு தடவை அப்படி ஆனது.

நீள ஷாக் நிலையில், எண்களை ஐந்து கிலோவுக்கு முழுமையாக்கி: இடது முன் 530, வலது முன் 350, இடது பின் 210, வலது பின் 550. வண்டி வலது பக்கம் சாய்வதால் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது, மூலைக்கு மூலை மாறுவது அதற்கு மேல் தனி. லேசான பின் சக்கரம் 210, அதன் இரண்டு மடங்கு 420. முன்னால் 350, இரண்டு மடங்கு 700. ஆக, 1640 கிலோ வண்டியில் உந்துதலுக்கு உதவுவது 1120.

இதை எதோடு ஒப்பிடுவது? நண்பர் பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது பெரிய உதவி. ஒரு முழு நாளை எடுத்துக்கொண்டு மூன்று பழைய நிலைகளையும் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் தராசு வைத்தோம். சலிப்பான வேலைதான், ஆனால் இந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மிச்சம் எல்லாம் ஊகம்தான். அதே வரிசையில், கம்பெனி நிலை, பார் கழற்றியது: 500, 380, 250, 510. உதவுவது 1260. கம்பெனி நிலை, பார் மாட்டியது: 525, 355, 220, 540. உதவுவது 1150. லிஃப்ட் ஸ்பிரிங்கும் பழைய ஷாக்கும்: 645, 235, 95, 665. உதவுவது வெறும் 660, அது ராம்பில் தோற்றதில் ஆச்சரியமில்லை.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த வரி முதலில் சொன்ன 1120-ம் கம்பெனி நிலையின் 1150-ம்தான். 629 எடுத்த வண்டி, 300 மி.மீ மேட்டில், பார் கழற்றாத 450 வண்டியைவிடக் குறைவாக அழுத்துகிறது. பார் கழற்றிய லாபம் முழுவதையும் ஏதோ ஒன்று தின்றுவிட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் எடுத்திருக்கிறது. ஷாக் அல்ல, ஷாக் இன்னும் எல்லைக்கே வரவில்லை. மிச்சம் இருப்பது ஸ்பிரிங்.

ஸ்பிரிங்கைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ்ஸில், அடியில் தராசு வைத்து, 50 மி.மீ அமுக்கிப் பார்த்தோம் (பிரஸ்ஸில் ஸ்பிரிங் வைக்கும்போது சுற்றிலும் இரும்புக் கூண்டு கட்டாயம், வழுக்கினால் உயிருக்கே ஆபத்து). பழைய பின் ஸ்பிரிங் ஒரு மி.மீ அமுங்க 2.85 கிலோ கேட்டது. லிஃப்ட் ஸ்பிரிங் 4.1 கிலோ. பெட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை நண்பர் தேடி எடுத்துவந்தார். கனமான இரும்பு பம்பர், வின்ச், பின்னால் நிரந்தரச் சுமை உள்ள வண்டிகளுக்கான ஸ்பிரிங் அது. இந்த வண்டியில் அதில் ஒன்றுமே இல்லை. உயரம் சரியாக வந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, எனக்குத் தெரிந்தவரை ஆஃப்ரோடு பேச்சில் இதற்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைப்பதில்லை. பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 380 கிலோ, அதில் ஆக்சில், சக்கரம், பிரேக் எல்லாம் போக ஸ்பிரிங் தாங்குவது சுமார் 300. பழைய ஸ்பிரிங் நிற்கும்போதே 300-ஐ 2.85 ஆல் வகுத்த அளவு, அதாவது 105 மி.மீ அமுங்கியிருக்கும். சக்கரம் கீழே போகும்போது அந்த 105 மி.மீ முழுவதும் அது சக்கரத்தைத் தரையில் அழுத்திக்கொண்டே போகும். லிஃப்ட் ஸ்பிரிங் அமுங்கியிருப்பது 73 மி.மீ மட்டும். அதற்குக் கீழே சக்கரம் இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையில் ஆடும். நீளமான ஸ்பிரிங் என்றால் அதிகத் தொங்கல் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். உண்மையில் சுமையும் கடினமும்தான் அதை நிர்ணயிக்கின்றன, சுமை இல்லாதபோது ஸ்பிரிங்குக்கு இருக்கும் நீளம் உயரத்தை மட்டும் நிர்ணயிக்கிறது.

சந்தேகம் தீர ராம்பில் மறுபடி ஏற்றி, எல்லையில் நிறுத்தி, தூரத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம். இடது பின் ஸ்பிரிங்குக்கும் மேல் இருக்கைக்கும் நடுவில் சுமார் 10 மி.மீ இடைவெளி. 629 என்ற எண்ணின் கடைசிப் பகுதி முழுவதும் ஸ்பிரிங் வேலையே செய்யாமல் ஆக்சில் தன் எடையில் தொங்கி வாங்கிய எண். அந்தக் கட்டத்தில் சக்கரம் தரையோடு இருக்கிறது என்பது உண்மைதான், எதிர்ப்பக்க ஸ்பிரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் ஆக்சில் வழியாகக் கொஞ்சம் எடை வந்துகொண்டுமிருக்கும். ஆனால் பள்ளத்தில் வண்டி ஆடும்போது ஸ்பிரிங் இடம் மாறி உட்காருவதற்கும் அதுவே வழி. அதைப் பட்டையால் கட்டிவைக்கலாம் என்று நண்பர் கேட்டார். கட்டலாம், ஸ்பிரிங் விழாது. ஆனால் அழுத்தம் கூடாது.

தேடி எடுத்தது, அதே 50 மி.மீ உயரம் தரும், ஆனால் கூடுதல் சுமை இல்லாத வண்டிக்கான ஸ்பிரிங். பிரஸ்ஸில் பின்னது 2.95 கிலோ காட்டியது, கம்பெனி ஸ்பிரிங்குக்கு மிக அருகில். நிற்கும்போது 102 மி.மீ அமுங்கியிருக்கும். ஷாக், ஹோஸ், பம்ப் ஸ்டாப் துண்டு எல்லாம் அப்படியே. ராம்பில் 1535, எண் 640. முந்தையதைவிடப் பதினொரு புள்ளிதான் கூடுதல், ஷாக்கின் எல்லை அதே எல்லை என்பதால் அதிகம் மாறுவதற்கு இல்லை. ராம்ப் எண்ணை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு இரண்டு வண்டியும் ஒன்றே. தராசில் வைத்தால் 495, 385, 245, 515. உதவுவது 1260. எல்லையில் ஸ்பிரிங் இருக்கையை விடவில்லை.

பள்ளம் காய்ந்தே இருந்தது, அந்த மாதம் மழை இல்லை. அதே காற்று, அதே ஓட்டுநர், அதே கோடு. மூன்று முறையும் ஏறியது. உயரம் கூடியதால்தான் முன்பு நின்றதோ, ஏற்றத்தில் எடை பின்னால் போய் முன் சக்கரம் லேசாகியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த ஸ்பிரிங்கிலும் வண்டி அதே உயரம்தான், ஏறிவிட்டது. ஆக, உயரம் முதன்மைக் காரணமில்லை. மூன்று முறை என்பது குறைவான எண்ணிக்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தராசும் பள்ளமும் ஒரே பக்கம் பேசுகின்றன, ராம்ப் மட்டும் தனியாக நிற்கிறது.

இதனால் ராம்பை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாக் போதவில்லை என்று 433-ல் காட்டிக்கொடுத்தது ராம்ப்தான், பார் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டியதும் அதுதான். எல்லை எங்கே என்று கேட்டால் அது சரியாகச் சொல்லும். இப்போது நான் எடுக்கும் அளவுத் தாளில் நாலு விஷயம் இருக்கிறது: சக்கரம் உயர்ந்த உயரம், அந்த எல்லையில் நாலு மூலையிலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புக்கு உள்ள தூரம், 300 மி.மீ கட்டையில் நாலு எடை, எல்லையில் ஸ்பிரிங் இருக்கையில் இருக்கிறதா இல்லையா. தராசு கிடைக்காதவர்கள் கடைசியை மட்டுமாவது பார்க்கலாம், அதற்கு ஒரு டார்ச் போதும், செலவே இல்லை. அதோடு ஹப் தூரத்தை எழுதினால், எந்த மூலை நகர்கிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரியும்.

அந்த ஹப் அளவில்தான் இன்னொன்று தெரிந்தது. எல்லையில் பின் ஆக்சில் சாய்ந்த அளவுக்கு முன் ஆக்சில் சாயவில்லை. முன் ஸ்பிரிங்குகள் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் முன்பக்கம்தான் எளிதாகச் சாய வேண்டும். முன் ஆக்சிலைப் பிடித்திருப்பது ரேடியஸ் ஆர்ம் (ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் கை), ஒவ்வொரு ஆர்மும் ஆக்சிலை இரண்டு புஷ்ஷில் கவ்வுகிறது, அதனால் ஆக்சில் சாயும்போது அந்த ரப்பர் முறுக்கப்பட்டு எதிர்க்கிறது. ஆன்டி-ரோல் பாரைக் கழற்றிய பிறகும் ஒரு பார் மிச்சம் இருப்பது போல. அந்த எதிர்ப்பு எத்தனை கிலோ என்று தெரிந்துகொள்ள, வண்டி நின்ற இடத்தில், சேசிஸைத் தாங்கி வைத்து, ஒரு ஆர்மின் ஒரு போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு அதே 300 மி.மீ எடையைப் படிக்கப் போகிறோம். ஓட்டுவதற்கு இல்லை, அளப்பதற்கு மட்டும்.

நண்பருக்குத் தலைவலி வேறு இடத்தில். நீண்ட பயணத்துக்குப் பின்னால் 120 கிலோ சாமான் ஏற்றுவார். பக்கத்துக்கு 60 கிலோ, 2.95 ஆல் வகுத்தால் 20 மி.மீ அமுங்கும், முந்தைய கடின லிஃப்ட் ஸ்பிரிங்கில் இது 15 ஆகத்தான் இருந்திருக்கும். அந்த ஐந்து மி.மீ-க்காகப் பழைய கடின ஸ்பிரிங்கை மறுபடி போடலாமா என்று கேட்கிறார். வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு வாங்க, கட்டையில் வைத்து எடை பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.